வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு: முற்பணம் கொடுக்க முதல் சட்டத்தரணியிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பதிவு 1: உருத்திரா மாவத்தை

வணக்கம் உறவுகளே. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் உள்ள ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடி வீடு ஒன்று பேசி முடியும் கட்டத்தில் நிற்கிறது. விலை 2 கோடியே 50 இலட்சம். உறுதி ஒரு பெண்மணியின் பெயரில். ஊர் கோண்டாவில், இப்போது கணவர் பிள்ளைகளோடு கனடாவில் இருக்கிறா. இங்கே அவவின் தம்பி அற்றோர்ணித் தத்துவத்தை (அவவுக்காகச் செயற்பட எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம்) வைத்து விற்கிறார். எங்கள் பக்கம் 1 கோடி வங்கிக் கடன்.

தரகர் ஒரு சட்டத்தரணியைக் காட்டி, "அவர் எல்லாம் பார்ப்பார், உரித்துச் சுத்தம்" என்கிறார். வங்கிக்கும் தன் பட்டியலில் ஒரு சட்டத்தரணி இருக்கிறார். வெள்ளிக்கிழமை 10 இலட்சம் முற்பணம் கேட்கிறார்கள். பற்றுச்சீட்டு எழுதித் தருவார்களாம்.

நான் தனியாக இன்னொரு சட்டத்தரணியைப் பிடிக்கத்தான் வேண்டுமா? பிடித்தால் அவரிடம் என்ன வேலை கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதிவு 2: உறுதிக்கட்டு

தம்பி, வெள்ளிக்கிழமை காசு கொடுக்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

பற்றுச்சீட்டு விற்பனை உடன்படிக்கை ஆகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவைப் பாருங்கள். காணி, வீடு விற்பது மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்கக் கையொப்பம் வைக்க வேண்டும். பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு காசைத் திருப்பிக் கேட்கலாம். வீட்டை எழுதித் தரச் சொல்லி வழக்காட முடியாது. விற்பவர் இடையில் இன்னொருவருக்கு 10 இலட்சம் கூட்டி விற்றால் உங்களுக்குக் கிடைப்பது முற்பணம் மட்டும், அதுவும் வழக்குக்குப் பிறகு.

தரகர் காட்டும் சட்டத்தரணி திறமைசாலியாக இருக்கலாம். ஆனால் அவருக்கு அடுத்த உறுதியும் அதே தரகரிடமிருந்துதான் வரப்போகிறது. "இந்த வீட்டை வாங்காதே" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவருக்கு நாக்கு எழும்பாது. வாங்குபவருக்கு வேண்டியது அந்த வார்த்தையைச் சொல்லக்கூடிய ஆள்.

வங்கிச் சட்டத்தரணியின் அறிக்கை வங்கிக்கு எழுதப்படுவது. 1 கோடிக்கு ஈடு (அடமானம்) போதுமா என்பதுதான் அவர் கேள்வி. வாகனத் தரிப்பிடம் உங்கள் அலகோடு சேர்ந்ததா, முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு (தொடர்மாடி உரிமையாளர்களின் நிர்வாக அமைப்பு) எவ்வளவு நிலுவை என்பவை அவர் தலையிடி இல்லை. கட்டணத்தை நீங்கள் கட்டினாலும் பல வங்கிகள் அறிக்கையின் பிரதியைத் தருவதில்லை.

ஆகவே தனி ஆள் வேண்டும். இலங்கையில் சட்டத்தரணிகள் விளம்பரம் செய்வதை 1988ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற ஒழுக்க விதிகள் தடுக்கின்றன. அதனால் முகநூலில் பளபளப்பாக வருவதைப் பார்த்துத் தேட வேண்டாம். புதுக்கடையிலோ வெள்ளவத்தையிலோ காணி உறுதியையே முழுநேர வேலையாகச் செய்யும் அலுவலகத்தைக் கேட்டு விசாரியுங்கள். குற்ற வழக்கில் பெயர் எடுத்தவரிடம் உறுதி எழுதப் போவதில் பயன் இல்லை. கொஞ்சம் பெரிய அலுவலகமென்றால் ஒரு நன்மை: தேடுதலுக்கென்று ஆள் இருப்பார், ஒருவர் லீவில் போனாலும் கோப்பு நடக்கும். ஆனால் எந்தப் பங்காளர் உங்கள் கோப்பைப் பார்க்கிறார், எந்த நொத்தாரிசு கடைசியில் அத்தாட்சிப்படுத்துகிறார் என்று பெயரோடு கேளுங்கள். நொத்தாரிசு ஆணை குறிப்பிட்ட பிரதேசத்துக்கும் குறிப்பிட்ட மொழிக்கும் கொடுக்கப்படுவது. தமிழில் ஆணை இல்லாதவர் தமிழில் உறுதி முடிக்க முடியாது.

நீங்கள் கேட்க வேண்டிய முதல் வேலை உறுதி எழுதுவது இல்லை. எழுத்தில் ஓர் உரித்து அறிக்கை (வீடு யாருக்குச் சொந்தம், சிக்கல் உண்டா என்று பழைய பதிவுகளைத் தேடி எழுதுவது), உங்கள் பெயருக்கு, கையொப்பத்தோடு. அது கையில் வந்தபிறகுதான் முற்பணம், அதுவும் நொத்தாரிசு முடித்த உடன்படிக்கையோடு.

பதிவு 3: மரைன் டிரைவ்

அண்ணா, உரித்து அறிக்கை என்றால் எத்தனை வருசம் பின்னால் போக வேண்டும்? சில பேர் கடைசி உறுதியை மட்டும் பார்த்துவிட்டு ஒரு பக்கம் எழுதித் தருகிறார்கள்.

பதிவு 4: பழைய ஃபோலியோ

குறைந்தது 30 வருசம். வங்கிகளும் அதைத்தான் கேட்கும். ஆனால் 30 என்பது நின்றுவிட வேண்டிய கல் இல்லை. 30ஆவது வருசம் ஒரு நன்கொடையிலோ முதுசச் சொத்திலோ போய் முட்டினால் அதற்கு முந்திய நல்ல கிரய உறுதி வரை போக வேண்டும்.

தேடுதல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அறிக்கை சரியா என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். காணிப் பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு தொகுதி இலக்கமும் ஒரு ஃபோலியோ (பதிவேட்டுப் பக்கம்) இலக்கமும் இருக்கும். ஒரு ஃபோலியோ நிரம்பினால் அடுத்த தொகுதியில் புதியது திறந்து, பழையதன் அடியில் "கொண்டு செல்லப்பட்டது", புதியதன் தலையில் "கொண்டு வரப்பட்டது" என்று எழுதுவார்கள். காணியைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ஃபோலியோ வேறாகும். தொடர்மாடி ஆகும்போது ஒவ்வொரு அலகுக்கும் தனி ஃபோலியோ திறக்கும். பிழை நடப்பது இந்தத் தாவல்களில். அலகின் ஃபோலியோவை மட்டும் எடுத்தால் சுத்தமாகத்தான் தெரியும். தாய்க் காணியின் (கட்டிடம் நிற்கும் முழுக் காணி) ஃபோலியோவில் கட்டியவரின் ஈடு இன்னும் விடுவிக்கப்படாமல் கிடக்கும்.

உங்கள் உறுதியின் முதல் பக்கத் தலைப்பைப் பாருங்கள். "முற்பதிவு" என்று ஒரு வரியில் தொகுதியும் ஃபோலியோவும் போட்டிருக்கும். நொத்தாரிசு உறுதி எழுத முதல் பதிவேட்டைத் தேட வேண்டும், கண்டதைத் தலையில் எழுத வேண்டும் என்பது 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின் விதி. ஆனால் கட்சிக்காரர் "தேட வேண்டாம்" என்று எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் நொத்தாரிசு தேடாமலே முடிக்கலாம். அவசரத்தில் நீட்டப்படும் தாள்களுக்குள் அந்தத் துண்டும் ஒன்றாக இருக்கும். வாசிக்காமல் அதில் ஒப்பம் வைக்க வேண்டாம்.

தேடுபவர் பார்க்க வேண்டியவை: கிரயம், நன்கொடை, ஈடு, குத்தகை, சீவிய உருத்து (ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை), கேவியட் (தடை அறிவித்தல்), வழக்கு அறிவித்தல், பிஸ்கால் கைப்பற்றல் (நீதிமன்றக் கட்டளையில் ஆதனத்தைக் கைப்பற்றுவது). இதோடு, வந்த ஆவணங்களை நாள்தோறும் குறிக்கும் நாட்பதிவேடும். நேற்றுக் கையளித்த உறுதி இன்னும் ஃபோலியோவில் ஏறியிருக்காது. கடைசித் தேடுதலை உறுதி முடிக்கும் நாள் காலையில் இன்னொரு முறை செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

பங்கு பிரிப்பு வழக்கு ஓடுகிறதென்றால் அதோடு நில்லுங்கள். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி வழக்கு அறிவித்தல் பதிவான பிறகு அந்த வழக்கு முடியும்வரை தாமாக எழுதும் கைமாற்றம் செல்லாது.

இன்னொன்று: வெள்ளவத்தை கொழும்புப் பதிவகத்துக்குள் வரும். பாலம் தாண்டித் தெகிவளை என்றால் தெல்கந்தப் பதிவகம். தரகர்கள் இரண்டையும் "வெள்ளவத்தை" என்றே விற்பார்கள். பிழையான பதிவகத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, அதைச் "சுத்தம்" என்று எழுதிவிடுவார்கள்.

பதிவு 5: உருத்திரா மாவத்தை

நன்றி ஐயா. இந்தத் தத்துவத்தைப் பற்றியும் சொல்லுங்கள். விற்பவரின் தம்பி காட்டியது 2016இல் எழுதியது. "எனது சகல ஆதனங்களையும் பராமரிக்க, வாடகைக்கு விட, விற்க" என்று இருக்கிறது. வீட்டின் விவரம் இல்லை.

பதிவு 6: உறுதிக்கட்டு

புதிதாக எழுதுவிக்கச் சொல்லுங்கள். சொல்லும் காரணங்களைப் பாருங்கள்.

தத்துவத்தை நீதிமன்றம் இறுக்கமாகத்தான் வாசிக்கும். எழுதியிருக்கும் அதிகாரம் மட்டுமே உண்டு. விற்க அதிகாரம் இருந்தால் நன்கொடை எழுத முடியாது. விற்கலாம் என்று இருந்தும் காசைப் பெற்றுப் பற்றுச்சீட்டுக் கொடுக்க அதிகாரம் இல்லாவிட்டால் வங்கி கேள்வி கேட்கும். ஆகவே இந்த அலகு, மாடி, மதிப்பீட்டு இலக்கம், வரைபட இலக்கம், ஃபோலியோ எல்லாம் அட்டவணையில் வர வேண்டும். குறைந்தபட்ச விலையையும் போட்டால் இன்னும் நல்லது. தத்துவங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் 1902இனுடையது, 2022இல் திருத்தப்பட்டது. பழைய மாதிரித் தாளைத் தட்டி அடிக்கும் அலுவலகத்திடம் போக வேண்டாம்.

அந்த அம்மா கனடாவில் கையொப்பம் வைக்கும் இடம் முக்கியம். ஒட்டாவாவிலுள்ள உயர்ஸ்தானிகராலயத்திலோ டொரொண்டோவிலுள்ள துணைத் தூதரகத்திலோ அலுவலர் முன் வைத்தால் வேலை சுருக்கம். அங்கத்தைய நொத்தாரிசு முன் வைத்தால் தூதரக அத்தாட்சி தனியாக வேண்டும். தாள் இங்கே வந்ததும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி, பிறகு பதிவு. பதிவில்லாத தத்துவத்தை வைத்து உறுதி முடிக்க விட வேண்டாம்.

பெயர் எழுத்தில் கவனம். உறுதியில் தகப்பன் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் கணவர் பெயர் பின்னால் என்று நிற்கும். இரண்டும் ஒருவரே என்று சத்தியக் கடதாசியை இப்போதே எடுப்பது லேசு.

தத்துவம் கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அதோடு போகும். இரத்துச் செய்திருந்தாலும் அப்படித்தான். ஆகவே உறுதி முடிக்கும் வாரம் உங்கள் சட்டத்தரணி பதிவேட்டில் இரத்துப் பத்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அந்த அம்மாவோடு வீடியோவில் நேரே பேசி, "இந்த விலைக்கு, இவருக்கு விற்கிறேன்" என்று கேட்டுக் கோப்பில் குறிப்பு எழுத வேண்டும். தத்துவம் வைத்திருப்பவர் தன் மனைவிக்கோ தன் கம்பனிக்கோ எழுதிய உறுதி சங்கிலியில் இருந்தால் அதை வேறாக ஆராய வேண்டும்.

பதிவு 7: வடமராட்சி

ஒருவரும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. விற்பவர் கோண்டாவில் என்றீர்கள், மணமான பெண் என்றீர்கள். தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டம்) வருகிறதே?

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரித்து, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்த அசைவற்ற ஆதனத்தை உயிரோடிருக்கும்போது கைமாற்றக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அசையும் சொத்துக்கு வேண்டாம், மரண சாதனம் எழுதவும் வேண்டாம். அசைவற்றதற்குக் கட்டாயம். வீடு கொழும்பில் இருக்கிறது என்று தப்ப முடியாது. இது ஆளைப் பின்தொடரும் சட்டம்.

மனைவி தம்பிக்குக் கொடுத்த தத்துவத்துக்குள் கணவரின் சம்மதம் அடங்காது. கணவர் உறுதியிலேயே சம்மதித்து ஒப்பமிட வேண்டும், அல்லது சம்மதம் கொடுக்கும் அதிகாரத்தோடு அவரும் தனித் தத்துவம் எழுத வேண்டும். கொழும்பிலேயே தொழில் பழகிய சில அலுவலகங்கள் இதை விட்டுவிடும். ஐந்து வருசம் கழித்து நீங்கள் விற்கப் போகும்போது வாங்குபவரின் சட்டத்தரணி யாழ்ப்பாணத்தவராக இருந்தால் முதல் கேள்வியே இதுதான்.

பதிவு 8: கொட்டாஞ்சேனை வாசகர்

கணவர் பிரிந்து போயிருந்தால்? ஆள் எங்கே என்று தெரியாவிட்டால்? அப்படியான சகோதரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பதிவு 9: வடமராட்சி

அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு அவர்களுக்குத்தான். கைவிட்டவர், பிரிந்து வாழ்பவர், இருப்பிடம் தெரியாதவர், நியாயமின்றிச் சம்மதம் மறுப்பவர் என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுப் போட்டு நீதிமன்றத்தின் அனுமதியோடு விற்கலாம். இந்த மனுவைச் செய்து பழகிய சட்டத்தரணியிடம் போங்கள். வளர்ந்த ஒரு பெண் தன் வீட்டை விற்க இன்னொருவரின் ஒப்பத்துக்காக நிற்க வேண்டியிருப்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். சட்டம் மாறும்வரை வாங்குபவர் அதை மதித்துத்தான் நடக்க வேண்டும்.

தேசவழமைக்கு உட்பட்டவரா என்பதையும் ஊர்ப் பெயரை வைத்து முடிவெடுக்கக்கூடாது. 3ஆம் பிரிவின்படி தேசவழமைக்கு உட்பட்ட பெண் உட்படாதவரை மணந்தால் அந்த மணவாழ்வு இருக்கும்வரை அவவுக்கு அது பொருந்தாது. உட்படாத பெண் உட்பட்டவரை மணந்தால் பொருந்தும். ஆகவே மணப் பதிவுச் சான்றிதழைக் கோப்பில் வையுங்கள்.

பதிவு 10: மரைன் டிரைவ்

அப்படியென்றால் முன்கொள்வனவு உரிமையும் (பங்காளிகள் முதலில் வாங்கும் உரிமை) வருமா? பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டுமா?

பதிவு 11: வடமராட்சி

இல்லை. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தில் உள்ள முன்கொள்வனவு உரிமை வட மாகாணக் காணிகளுக்கானது. வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு அது கிடையாது. கோண்டாவிலில் உள்ள பங்குக் காணியை வாங்குகிறீர்கள் என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பதிவு 12: நான்காம் தளம்

தொடர்மாடிக்கென்றே உள்ளவற்றைச் சொல்கிறேன். காணி உறுதி எழுதிப் பழகியவர் தொடர்மாடியிலும் அதே கண்ணோடு பார்த்தால் பாதி தவறிப்போகும்.

1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டமும் 1982, 2003 திருத்தங்களும்தான் அடிப்படை. முதலில் கேட்க வேண்டியது பதிவான கூட்டு ஆதன வரைபடம். அது பதிவாகியிருந்தால்தான் உங்கள் அலகு சட்டத்தின் கண்ணில் ஒரு தனி ஆதனம். பதிவாகாத கட்டிடத்தில் விற்பவர் கொடுக்கக்கூடியது தாய்க் காணியில் பிரிக்கப்படாத ஒரு பங்கும் "இந்த வீட்டை நீ பாவி" என்ற உடன்பாடும்தான். வங்கி அதற்குக் கடன் தராது. வரைபடத்தைக் கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகாரசபை சான்றுப்படுத்தியிருக்க வேண்டும். கட்டிடத்துக்கு இணக்கச் சான்றிதழும் (அனுமதித்த வரைபடப்படி கட்டியது என்பதற்கானது) வேண்டும்.

வரைபடத்தின் பிரதியை எடுத்து வீட்டுக்குப் போங்கள். அலகின் பரப்பு, எத்தனை அறை, பால்கனி, எல்லாவற்றையும் தாளோடு ஒப்பிடுங்கள். பிறகு கீழே இறங்கி வாகனத் தரிப்பிடத்தைப் பாருங்கள். அது உங்கள் அலகின் துணைப் பகுதியாக இலக்கத்தோடு வரைபடத்தில் இருக்கிறதா, அல்லது பொதுப் பகுதியா? "பார்க்கிங் உண்டு" என்று தரகர் சொன்னது பொதுப் பகுதியாக இருந்தால் அது எல்லாருக்கும் உரியது. சங்கத்தின் நல்லெண்ணத்தில் நீங்கள் வாகனம் நிறுத்துகிறீர்கள், அவ்வளவுதான். வெள்ளவத்தையில் தரிப்பிடத்தின் விலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும்.

மொட்டைமாடியையும் பாருங்கள். அனுமதித்த வரைபடத்தில் இல்லாத ஒரு தளம் மேலே ஏற்றப்பட்டிருந்தால் இணக்கச் சான்றிதழ் அந்தக் கட்டிடத்துக்குப் பொருந்தாமல் போகும். அந்தத் தளம் உங்களுடையது இல்லாவிட்டாலும் வங்கி உங்கள் கோப்பைத்தான் நிறுத்தும்.

மாநகர சபையிலிருந்து உரிமைப் பதிவின் பிரதி, சோலைவரிப் பற்றுச்சீட்டு, கையேற்காமைச் சான்றிதழ் (சபை அந்த ஆதனத்தைக் கையேற்கவில்லை என்பது), தெருக்கோட்டுச் சான்றிதழ் (வீதி அகலிப்பில் காணி அடிபடுமா என்பது). முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திலிருந்து நிலுவை இல்லை என்ற கடிதம், முத்திரையோடு. அடுத்த வருசம் மின்தூக்கி மாற்றவோ வெளிச்சுவர் பூசவோ விசேட அறவீடு தீர்மானித்திருக்கிறார்களா என்று கடைசிக் கூட்டக் குறிப்பையும் கேளுங்கள். அந்த அறவீட்டை விற்பவர் கட்டுவதா நீங்கள் கட்டுவதா என்பதை உடன்படிக்கையில் ஒரு வரியாகப் போட வேண்டும்.

பதிவு 13: கணக்குப் பிள்ளை

செலவுக் கணக்கு. கைமாற்ற உறுதிக்கு முத்திரை வரி முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 2 கோடியே 50 இலட்சத்துக்கு: 3,000 + 9,96,000 = 9,99,000 ரூபா. லேசான வழி, முழு விலைக்கு 4 வீதம் போட்டு 1,000 ரூபாவைக் கழியுங்கள்.

சட்டத்தரணி கட்டணம் பேசித் தீர்ப்பது. விலையின் 1 வீதத்தைச் சுற்றித்தான் பேச்சு தொடங்கும். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரு தொகையைச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தொழிற்கட்டணம், தேடுதல், சான்றிதழ்கள், முத்திரை வரி, பதிவுக் கட்டணம் என்று பிரித்து எழுத்தில் வாங்குங்கள். உரித்து அறிக்கை பிழைத்து வாங்குவது நின்றுபோனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் அதே தாளில் கேளுங்கள்.

பதிவு 14: கொட்டாஞ்சேனை வாசகர்

உறுதியில் 1 கோடியே 50 என்று போட்டால் 4 இலட்சம் மிச்சம் என்று பலபேர் செய்கிறார்களே.

பதிவு 15: கணக்குப் பிள்ளை

செய்ய வேண்டாம். முத்திரை வரி மாகாண இறைவரிக்குப் போவது. அவர்கள் பெறுமதி மதிப்பீட்டைக் கேட்டுக் குறைந்த வரியையும் தண்டத்தையும் அறவிடலாம். வங்கி உறுதியில் உள்ள விலையைப் பார்த்துத்தான் கடனை வெட்டும். நீங்கள் பின்னர் விற்கும்போது ஆதாயம் 1 கோடியே 50இலிருந்து கணக்கிடப்படும். மூலதன ஆதாய வரி அப்படியே கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, உரித்தில் கோளாறு வந்து விற்பவரிடம் காசைத் திருப்பிக் கேட்கும் நாளில் உங்கள் கையிலிருக்கும் சாட்சி 1 கோடியே 50க்குத்தான். மீதி 1 கோடியை எங்கே போய்க் கேட்பீர்கள்?

பதிவு 16: ஹாரோ

லண்டனிலிருந்து எழுதுகிறேன். பிரித்தானியக் குடியுரிமை எடுத்தவர் இலங்கையில் தன் தம்பி வாங்கும் வீட்டில் தன் பெயரையும் சேர்க்கலாமா?

பதிவு 17: உறுதிக்கட்டு

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி பராதீனக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி வேற்றுநாட்டுக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் வெளிநாட்டவர். பெயரும் ஊரும் தமிழ் என்பது கணக்கில் வராது. இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் இருந்தால் தடை இல்லை. தொடர்மாடி அலகுக்கு விலக்கு உண்டு. அதற்கு முழு விலையும் உறுதிக்கு முன்பே வெளிநாட்டுப் பணமாக வங்கி வழியே வந்திருக்க வேண்டும். பாதி இங்கத்தையக் கடன், பாதி லண்டன் காசு என்று கலந்தால் சிக்கல். சட்டம் பின்னர் திருத்தப்பட்டது. அந்த விலக்கு இந்த மாடிக்கும் இந்த அலகுக்கும் பொருந்துகிறது என்று சட்டத்தரணி எழுத்தில் தர வேண்டும். பின்னொரு நாள் விற்ற காசை லண்டனுக்கு எடுக்க நினைத்தால் உள்வரும் முதலீட்டுக் கணக்கு வழியே காசை இறக்குங்கள்.

விற்கும் அம்மா கனடாக் குடியுரிமை எடுத்திருந்தாலும் அவவின் உடைமை போகாது. அந்தச் சட்டம் வெளிநாட்டவர் வாங்குவதைத்தான் தடுக்கிறது.

பதிவு 18: ஜம்பட்டா வீதி

எங்கள் பக்கத்துக் கேள்வி. உறுதிச் சங்கிலியில் வாப்பா மகனுக்கு எழுதிய நன்கொடை ஒன்று இருந்தால் வங்கி ஏன் தயங்குகிறது?

பதிவு 19: பழைய ஃபோலியோ

நன்கொடை இரத்தாகலாம் என்ற பயம். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி, "மாற்றமுடியாதது" என்று உறுதியிலேயே எழுதாவிட்டால் அந்த நன்கொடை மாற்றமுடியாதது ஆகாது. அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். மற்றவர்களின் மாற்றமுடியாத நன்கொடையைப் படுமோசமான நன்றிகேட்டுக்காக இரத்துச் செய்வதென்றால் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நொத்தாரிசிடம் போய் ஓர் இரத்து உறுதி எழுதி முடிக்க முடியாது. அப்படியிருந்தும் பல வங்கிகள் நன்கொடை 10 வருசம் தாண்டாவிட்டால் ஈடாக எடுக்காது. சீவிய உருத்து வைத்த நன்கொடை என்றால் வைத்தவர் இறந்ததற்கான சான்றிதழோ அவர் கைவிட்ட உறுதியோ கோப்பில் வேண்டும்.

பதிவு 20: உருத்திரா மாவத்தை

எல்லாருக்கும் மிக்க நன்றி. வெள்ளிக்கிழமைக் காசு நிறுத்தியாயிற்று. உரித்து அறிக்கைக்குத் தனியாக ஓர் அலுவலகத்தைப் பேசியிருக்கிறோம். கணவரின் சம்மதத்தைப் பற்றிக் கேட்டபோது தரகர் அப்படியொன்று தேவையில்லை என்றார். எங்கள் சட்டத்தரணி தேவை என்று எழுத்தில் தந்திருக்கிறார். உறுதி முடிக்கும் நாளில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதிவு 21: உறுதிக்கட்டு

அந்த நாளில் ஒழுங்கு முக்கியம். கட்டியவரின் ஈடோ விற்பவரின் ஈடோ பாக்கியிருந்தால் முதலில் விடுவிப்பு உறுதி, பிறகு உங்களுக்கு வரும் கைமாற்றம், பிறகு வங்கிக்கு நீங்கள் கொடுக்கும் ஈடு. மூன்றும் ஒரே மேசையில், இந்த வரிசையில். பதிவுக்கும் அதே வரிசையில் போக வேண்டும்.

சாட்சிகள் இருவரும் ஒப்பமிடுபவரோடு அறையில் இருக்க வேண்டும். "பிறகு எங்கள் கிளார்க் கையொப்பம் வைப்பார்" என்றால் எழும்பி நில்லுங்கள்.

காசை வங்கிக் கட்டளையாகக் கொடுங்கள். அதன் இலக்கம், வங்கி, தொகை உறுதியில் வரட்டும். கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசின் அத்தாட்சி இருக்கும். அதை வாசிக்காமல் மேசையை விட்டு எழும்பாதீர்கள். ஒப்பமிட்டவரைத் தனக்குத் தெரியுமா, சாட்சிகளைத் தெரியுமா, உறுதியை வாசித்து விளக்கினாரா, காசு தன் முன்னிலையில் கைமாறியதா, எந்தப் பக்கத்தில் எந்தச் சொல் வெட்டப்பட்டது, திருத்தப்பட்டது என்று அதில் இருக்க வேண்டும். அட்டவணையில் அலகு இலக்கம் "3ஏ" என்பதைப் பேனாவால் "3பி" என்று மாற்றிவிட்டு அத்தாட்சியில் அதைச் சொல்லாமல் விட்டால் வங்கி திருப்பி அனுப்பும். பிறகு திருத்த உறுதிக்கு விற்பவரின் ஒப்பம் வேண்டும். அவ கனடாவில், தத்துவமோ இந்த விற்பனைக்கு மட்டும் எழுதியது. ஆகவே அட்டவணையை வரைபடத்தோடு வைத்து, முதல்நாளே ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்க, எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

பதிவு 22: பழைய ஃபோலியோ

முடித்த பிறகு நடப்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உறுதி மூன்று பிரதியாக இருக்கும்: நொத்தாரிசின் கையில் நிற்கும் பிரதி, பதிவகத்துக்குப் போகும் இரட்டைப் பிரதி, உங்களுக்கு வரும் அசல். இரட்டைப் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்குச் சேர்ப்பது நொத்தாரிசின் கடமை. பலபேர் அதையே பதிவு என்று நினைத்து ஆறுதலாக இருந்துவிடுகிறார்கள். பதிவு என்பது அசலைக் கொண்டுபோய்ப் பதிவேட்டில் ஏற்றுவது. அதற்கு 15ஆம் திகதி வரை காத்திருக்கத் தேவையில்லை, காத்திருக்கவும் கூடாது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, உங்களுக்குப் பிறகு காசு கொடுத்து வாங்கிய ஒருவர் முதலில் பதிந்தால், பதியாத உங்கள் உறுதி அவருக்கு எதிராகச் செல்லாது. கடன் எடுத்தால் அசல் வங்கிக்குப் போய்விடும். ஆகவே கையளித்த நாளின் நாட்பதிவு இலக்கத்தை அன்றே கேட்டு வாங்குங்கள்.

பதிந்து வந்ததும் ஃபோலியோவின் பிரதி ஒன்றை நீங்களே எடுங்கள். உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், அலகு, விலை, உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிழை கண்டால் நொத்தாரிசு ஊடாக உடனே திருத்தச் சொல்லுங்கள். அதன் பிறகு மாநகர சபையில் சோலைவரிப் பெயர் மாற்றம், முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பதிவேட்டில் பெயர் மாற்றம், மின்சாரம், தண்ணீர். உரித்து அறிக்கையையும் கணவரின் சம்மதப் பத்திரத்தையும் கணவர் கொடுத்த தத்துவத்தின் சான்றுப் பிரதியையும் உறுதியோடு ஒரே கட்டில் வையுங்கள். நீங்கள் விற்கும் நாளில் வாங்குபவரின் சட்டத்தரணி கேட்கப்போவது அந்தக் கட்டைத்தான்.

பதிவு 23: உருத்திரா மாவத்தை

கணவரின் சம்மதத்துக்கான வரைவு டொரொண்டோவுக்குப் போயிருக்கிறது. தாய்க் காணியின் ஃபோலியோவையும் தேடச் சொல்லியிருக்கிறோம். தரிப்பிடம் வரைபடத்தில் துணைப் பகுதியாக இல்லை என்று தெரியவந்தது. அதற்கேற்ப விலையைத் திரும்பப் பேசுகிறோம்.